குளிர்ச்சி யாருக்கு மருந்து?

பிரசவ நேரத்தில் ஆக்சிஜன் போதாமல், பிறந்ததும் அழாத குழந்தையின் மூளை ஒரேயடியாகக் கெட்டுவிடுவதில்லை. மூச்சு திரும்பிய பிறகும் சில மணி நேரம் மூளைச் செல்கள் தாக்குப்பிடிக்கும். இரண்டாவது சேதம் அதற்குப் பின்புதான் தொடங்கும். அதற்குள், அதாவது பிறந்த 6 மணி நேரத்துக்குள், குழந்தையின் உடல் வெப்பத்தை ஏறத்தாழ 33.5 டிகிரி செல்சியஸுக்கு இறக்கி, 72 மணி நேரம் அங்கேயே நிறுத்திவைப்பதுதான் மருத்துவர்கள் ‘கூலிங்’ என்று சொல்லும் சிகிச்சை.

இதன் பலன் வெறும் நம்பிக்கையல்ல. 2005இல் அமெரிக்காவில் 208 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், இறந்தவர்களும் குறைபாட்டோடு பிழைத்தவர்களும் சேர்ந்து 62 சதவீதமாக இருந்தது, குளிர்வித்த குழந்தைகளிடம் 44 ஆகக் குறைந்தது. 2013இல் 11 ஆய்வுகளை, 1,505 குழந்தைகளைத் தொகுத்துப் பார்த்த கோக்ரேன் மதிப்பாய்வும் அதையே உறுதிசெய்தது.

எப்படிக் குளிர்விப்பது? பணக்கார நாடுகளில் மலக்குடலில் வைத்த உணரியைப் பார்த்து, விரிப்புக்குள் ஓடும் நீரின் வெப்பத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் இயந்திரம் இருக்கிறது. நல்ல கருவி, ஆனால் விலை அதிகம்; மின்சாரமும் தடையின்றி வேண்டும்.

அது இல்லாத இடத்தில் ஜெல் பைகள். ஃப்ரிட்ஜில் வைத்த பையைத் துணியில் சுற்றிக் குழந்தையின் தோளுக்கும் தலைக்கும் கீழே வைப்பார்கள். வெப்பமானி 33க்குக் கீழே போனால் பையை எடுக்க வேண்டும், 34ஐத் தாண்டினால் திரும்ப வைக்க வேண்டும். மூன்று பகல், மூன்று இரவு இதுதான் வேலை. ஒரே நர்ஸ் பல குழந்தைகளைக் கவனிக்கும் வார்டில் கொஞ்சம் அசந்தாலும் வெப்பம் அளவுக்கு மீறி இறங்கிவிடும்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையும் ப்ளஸ் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய ‘மிராக்ரேடில்’ இதற்கு நடுவழி. குறிப்பிட்ட வெப்பநிலையில் உருகத் தொடங்கும் பொருள் அதன் மெத்தையில் இருக்கிறது. உருகும்போது அது குழந்தையின் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. தொடர் மின்சாரம் தேவையில்லை. வெப்பமும் ஜெல் பையில் போல ஏறி இறங்குவதில்லை. வேலூரில் 50 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், இப்படிக் குளிர்விக்கப்பட்டவர்களின் எம்.ஆர்.ஐ. படங்களில் மூளைச் சேதம் குறைவாகத் தெரிந்தது. ஆனால் உயிர் பிழைப்பது கூடுகிறதா என்று தீர்மானிக்க 50 குழந்தைகள் போதாது.

அந்தக் கேள்வியைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டது ‘ஹீலிக்ஸ்’ ஆய்வு. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தின் 7 பெரிய மருத்துவமனைகள், 408 குழந்தைகள், தானியங்கி இயந்திரம். 2021இல் வந்த முடிவு பலரையும் அதிரவைத்தது. குளிர்விக்கப்பட்டவர்களில் 42 சதவீதம் பேர் இறந்தார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 31 சதவீதம். இறப்பையும் குறைபாட்டையும் சேர்த்துப் பார்த்தாலும் பலன் ஏதுமில்லை.

கருவியைக் குறைசொல்லி இதிலிருந்து தப்ப முடியாது. வெப்பத்தைக் கட்டுப்படுத்துவதில் மிகச் சிறந்த முறையையே இங்கே பயன்படுத்தினார்கள். பல குழந்தைகள் வேறு இடத்தில் பிறந்து கொண்டுவரப்பட்டவர்கள் என்பது விமர்சகர்களின் வாதம். அதில் நியாயம் உண்டு. நம் பகுதியில் மூளைச் சேதம் பிரசவத்துக்கு வெகுமுன்பே தொடங்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இரண்டில் எது சரியானாலும் முடிவு ஒன்றுதான்: மேலைநாட்டுக் குழந்தையிடம் கண்ட பலன் நம் குழந்தைக்கும் கிடைக்கும் என்று முன்கூட்டியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

மலிவான மெத்தை, எப்படிக் குளிர்விப்பது என்ற சிக்கலைப் பெரிதும் தீர்த்துவிட்டது. யாரைக் குளிர்விப்பது என்பது இன்னும் தீரவில்லை. மெத்தை கையில் இருக்கிறது என்பதற்காகவே குழந்தையை அதில் கிடத்துவது சரியல்ல. குளிர்விக்கும் மருத்துவமனைகள் ஹீலிக்ஸ் முடிவைப் பெற்றோரிடம் மறைக்காமல் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் என்ன ஆனது என்பதைப் பதிவுசெய்து வெளியிட வேண்டும். பிரசவ அறையில் குழந்தையின் இதயத் துடிப்பை விடாமல் கண்காணிக்கவும், மூச்சுவிடாத குழந்தைக்கு முதல் நிமிடத்திலேயே காற்றுக் கொடுக்கவும் ஆளும் பயிற்சியும் தருவதற்கு அரசு முதலில் செலவு செய்யட்டும்.