மெக்சிகோ 68: கோடுகள் ஆடிய ஆட்டம்

1968 மெக்சிகோ ஒலிம்பிக் என்றதும் பாப் பீமன் தாண்டிய 8.90 மீட்டர் நினைவுக்கு வரும். பதக்க மேடையில் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் உயர்த்திய முஷ்டிகள் நினைவுக்கு வரும். அவற்றுக்கு இணையான மூன்றாவது சாதனை ஒன்று அங்கே நடந்தது. அதை நிகழ்த்தியது ஓர் ஓவியர் கூட்டம். அதன் முன்கள வீரர் லான்ஸ் வைமன் என்ற அமெரிக்க வரைகலைஞர்.

ஏற்பாட்டுக் குழுவின் தலைவர் பெத்ரோ ராமிரெஸ் வாஸ்கெஸ், கட்டடக் கலைஞர். 1966 நவம்பரில் வைமனும் வடிவமைப்பாளர் பீட்டர் மர்டாக்கும் மெக்சிகோ நகரம் வந்தபோது, திறமையைக் காட்ட அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டே வாரம். வைமனுக்கு அப்போது வயது 29.

ஒலிம்பிக் வளையங்களையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, 68 என்ற எண்ணின் வட்டங்களோடு அவை பொருந்துவது பிடிபட்டது. எண்ணின் வயிற்றுக்குள் வளையங்களை உட்காரவைத்தார். பிறகு அவற்றின் விளிம்பை இணைகோடுகளாக வெளியே இழுத்துக்கொண்டே போனார். குளத்தில் கல் விழுந்தாற்போல் விரிந்த அந்தக் கோடுகளிலிருந்து நாட்டின் பெயர் எழுந்து நின்றது. முழு எழுத்துருவும் அந்த வரிகளிலிருந்தே பிறந்தது. ஊய்ச்சோல் பழங்குடியினர் மெழுகின்மேல் நூலை வரிவரியாக அழுத்திச் செய்யும் ஓவியங்களைப் பார்த்தவர்களுக்கு, இந்த எழுத்து எந்த மண்ணுடையது என்று சொல்லத் தேவையில்லை. அறுபதுகளில் உலகைக் கலக்கிய, கண்ணை மயக்கும் ஆப் ஆர்ட் ஓவியங்களும் இதே கோடுகளைத்தான் நம்பியிருந்தன.

யார் பங்கு எவ்வளவு என்பதில் வைமனுக்கும் மெக்சிகோ கலைஞர் எதுவார்தோ தெர்ராசாஸுக்கும் நெடுநாள் கருத்து வேறுபாடு. தொடர் ஓட்டத்தில் வென்ற பதக்கத்தை ஒருவர் கழுத்தில் மட்டும் போடக் கூடாது என்பதே என் கட்சி.

என்னை அதிகம் ஈர்ப்பவை விளையாட்டுச் சின்னங்கள்தாம். 1964 டோக்கியோவில் முழு மனித உருவங்களை வரைந்தார்கள். மெக்சிகோ அணி உடலைத் துண்டித்தது. குத்துச்சண்டைக்குக் கையுறை, சைக்கிளுக்குச் சக்கரம், நீச்சலுக்கு நீரைக் கிழிக்கும் கை. எது வேலை செய்கிறதோ அது மட்டும்! ரசிகனின் கண்ணும் அப்படித்தானே பார்க்கிறது? பேட்ஸ்மேனின் மணிக்கட்டை, சுழற்பந்து வீச்சாளரின் விரலை, பந்தை உதைக்கப் போகும் பாதத்தை. ஆட்டத்தைக் கற்றுத் தேர்ந்தவர்களின் தேர்வு அது. 1972 ம்யூனிக்கில் வடிவமைப்பாளர் ஓட்ல் ஐஷர் 45, 90 டிகிரிக் கோணங்களில் வார்த்த குச்சி மனிதர்களைத்தான் உலகம் பின்பற்றியது. அவை எந்த ஊருக்கும் பொருந்தும்; என் கண்ணுக்கு அதுதான் குறை. மெக்சிகோவின் சின்னத்தை வேறு ஊரில் ஒட்டவே முடியாது.

ஒலிம்பிக் அரங்கைச் சுற்றியிருந்த தரையிலேயே அந்தக் கோடுகளைப் பிரம்மாண்டமாகத் தீட்டினார்கள். ஆனால் அதே நகரத்தில், தொடக்க விழாவுக்குப் பத்து நாள் முன்பு, அக்டோபர் 2 அன்று, த்லாத்தெலோல்கோ சதுக்கத்தில் கூடிய மாணவர்களை அரசு சுட்டுக் கொன்றது. போராடியவர்கள் ஒலிம்பிக் வடிவங்களையே கையில் எடுத்தார்கள். கடைகளில் ஒட்டப்பட்டிருந்த அமைதிப் புறா, அவர்கள் சுவரொட்டியில் துப்பாக்கி முனைக்கத்தி பாய்ந்த புறாவானது. அரசின் குரலாகப் பிறந்த ஒரு படம், அரசைக் குற்றஞ்சாட்டும் குரலாகவும் அதே வலுவோடு நின்றது. அந்த வடிவங்கள் ஊருக்குச் சொந்தமாகிவிட்டன என்பதற்கு அதைவிட வேதனையான சான்று இல்லை.

வைமன் அதோடு கிளம்பிவிடவில்லை. 1969 செப்டம்பரில் ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயிலுக்கும் அவரே சின்னங்கள் அமைத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவரும் வழி தவறக் கூடாது என்பதால் நிலையத்துக்கு ஒரு படம். வெட்டுக்கிளி மலையான சாபுல்தெபெக்குக்கு வெட்டுக்கிளி. பீனோ சுவாரெஸ் நிலையத்துக்காகத் தோண்டியபோது ஆஸ்தெக் காலத்துச் சிறு கோயில் கிடைத்தது. அந்தக் கோயிலே சின்னமானது, இன்றும் நிலையத்துக்குள்ளேயே இருக்கிறது. பின்னர் புதிய தடங்கள் பல வந்தன. நிலையத்துக்கு ஒரு படம் என்ற விதியை யாரும் மாற்றவில்லை.