ரஜஸும் ராப்பும்

அரபுக் கல்லூரியில் ஓதியவர் எவரும் இப்னு மாலிக்கின் 'அல்ஃபிய்யா'வை மறந்திருக்க மாட்டார். ஹிஜ்ரி 672இல் (கி.பி. 1274) மறைந்த அப்பேரறிஞர், அரபு இலக்கணத்தை ஏறத்தாழ ஆயிரம் அடிகளில் ரஜஸ் யாப்பில் கட்டித் தந்தார். ஒவ்வோரடியின் இரு பாதிகளும் ஒரே ஓசையில் முடியும். ஒட்டகம் ஓட்டுவோரின் பாட்டோடு மரபு இணைத்துப் பேசும் சந்தம் அது. நஹ்வின் நுட்பங்கள் எழுநூற்றைம்பது ஆண்டுகளாக மாணவர் நாவில் நிற்பதற்கு அச்சந்தமும் ஒரு காரணம்.

ராப் என்றதும் நம்மவரிடையே எழும் முகச்சுளிப்பே இதை நினைவூட்டத் தூண்டியது. இசைக்கருவிகள் பற்றிய ஃபிக்ஹ் விவாதம் தனி. அதைத் தீர்க்க இங்கே புகவில்லை. ஆயினும் அவ்விவாதத்தின் இரைச்சலில் சொல்லைப் பற்றிய கேள்வி கேட்கப்படாமலே போய்விடுகிறது. கவிஞர்களைக் கண்டிக்கும் அஷ்ஷுஅரா அத்தியாயமே, நம்பிக்கை கொண்டு நல்லறம் புரியும் கவிஞரை அக்கண்டனத்திலிருந்து விலக்குகிறது. ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்குப் பள்ளிவாசலிலேயே மேடை அமைக்கப்பட்ட செய்தியை நாம் ஆண்டுதோறும் மாணவர்க்கு ஓதிக்கொடுக்கிறோம்.

நெல்லைச் சீமையிலிருந்து பெயர்ந்த தமிழர்கள், முஸ்லிம்கள் உட்பட, தலைமுறைகளாக வாழும் மும்பைத் தாராவியில் 2015இல் ஹிப் ஹாப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. கட்டணமில்லை. ராப், வாயால் தாளமிடுதல், நடனம், சுவரோவியம் ஆகியவை அங்குப் பாடங்கள். அங்குள்ள சிறுவன் பிறர் பாட்டை ஒப்பிப்பதோடு நிற்பதில்லை. தன் சந்தைப் பற்றித் தானே அடி கட்ட வேண்டும். ஓசைக்குப் பொருந்தும் சொல்லைத் தேடும்போது அவன் மொழியைப் புரட்டுகிறான், பொருந்தாததை அடிக்கிறான், தோழர் நடுவே நின்று தன் சொல்லுக்குத் தானே பொறுப்பேற்கிறான். இலக்கண வகுப்பில் நாம் எதிர்பார்த்து ஏமாறுவதும் இவற்றைத்தானே!

சென்னையில் 2018 சனவரியில் அரங்கேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, கானாப் பாடகரையும் ராப் பாடகரையும் ஒரே மேடையில் ஏற்றியது. அதன் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற வழக்கிலிருந்து வந்தது. அதில் பாடிய அறிவுக்கு ஊர் அரக்கோணம். அம்பத்தூர், ஆவடி வழியே மேற்கே செல்லும் ரயில் பாதையில் உள்ளது. அவருடைய 'தெருக்குரல்' (2019) தொகுப்பில் சில இடங்களில் முழக்கம் கவிதையை முந்திக்கொள்கிறது. கேட்பவர் ஏற்கெனவே உடன்பட்டவர் என்ற துணிவில் சொல் தளர்ந்துவிடுகிறது. 2021இல் வந்த 'என்ஜாய் எஞ்சாமி'யில் இந்தக் குறை இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியின் வாழ்வை அவர் கேட்டறிந்து எழுதினார். உழவும் ஒப்பாரியும் கலந்த சொற்கள் அங்கிருந்தே வந்தன. முதியவரிடம் அமர்ந்து கேட்பது இளைஞனின் எழுத்துக்கு என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்றை நான் காணவில்லை.

வேலப்பன்சாவடியிலிருந்து பூவிருந்தவல்லி வரை சாலையின் இருமருங்கும் கல்லூரிகள். அங்குப் பயிலும் நம் பிள்ளைகளின் செவியில் இப்பாடல்கள் நாள்தோறும் ஒலிக்கின்றன. அவர்களுக்கு நாம் கையளிப்பதோ தடைப்பட்டியல் மட்டுமே. தமிழ் முஸ்லிம்களின் கையிருப்பு அவ்வளவு வறியதன்று. வண்ணப் பரிமளப் புலவர் 1572இல் 'ஆயிர மசலா'வை வினாவும் விடையுமாகப் பாடியவர். கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து என்று அவருக்குப் பின் வந்தோர் வடிவங்களைப் பெருக்கினர். எதுகையும் மோனையும் அடிமுதலில் நின்று தாளம் காட்டும் தமிழில், ராப்பின் அடியிறுதி இயைபு கூடுதல் அணியே.

பல மதரஸாக்களில் வியாழன் இரவு மாணவர் மன்றம் கூடுகிறது. மனனம் செய்த பயான்களே அங்குப் பெரும்பாலும் ஒலிக்கின்றன. மாதம் ஒருமுறையேனும் கருவியின்றி, கைத்தாளம் மட்டும் கொண்டு, மாணவன் தானே யாத்த பத்து அடிகளைப் பாடட்டும். பொருள், அவன் வீட்டு முதியவரிடம் கேட்டறிந்த ஒரு செய்தி. இலக்கணப் பிழைகளை அல்ஃபிய்யா ஓதிக்கொடுக்கும் உஸ்தாதே திருத்தலாம்.