சிதார் இருந்த இடம்

ஆரெகன் குழுவை முதலில் கேட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. பொறியியல் இரண்டாம் ஆண்டு, விடுதி அறை. ஷக்தியைக் கேட்டுக் கேட்டுக் கெட்டுப்போயிருந்த காலம். மெக்லாக்லினின் கிதாரும் எல். சங்கரின் வயலினும் ஜாகிர் உசேனின் தபலாவும் விக்கு விநாயக்ராமின் கடமும் ஒன்றையொன்று துரத்தும் அந்த வேகம்தான் கலப்பிசை என்று முடிவே கட்டியிருந்தேன். அப்போது நண்பன் ஒருவன் ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுவந்தது ஆரெகனின் ‘டிஸ்டன்ட் ஹில்ஸ்’ (1973). தபலா கேட்கிறது, தனி ஆவர்த்தனம் வரவில்லை. சிதார் கேட்கிறது, ராகம் வரவில்லை. “நம்ம வாத்தியத்த வச்சுக்கிட்டு சாம்பிராணி போடுறானுங்கடா” என்று சொல்லிவிட்டு மூடிவைத்தேன்.

தப்பான தீர்ப்பு. ஏன் தப்பு என்று புரியப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது.

நான்கு பேர். ரால்ஃப் டவுனர் கிளாசிக்கல் கிதாரும் பன்னிரண்டு தந்தி கிதாரும் பியானோவும் வாசிப்பார். பால் மெக்காண்ட்லெஸ் ஓபோ. க்ளென் மூர் டபுள் பாஸ். காலின் வால்காட் சிதார், தபலா, அப்புறம் கைக்கு எட்டியதெல்லாம். பால் விண்டரின் கன்சார்ட் குழுவில் சேர்ந்து வாசித்துவிட்டு எழுபதுகளின் தொடக்கத்தில் தனியே வந்தவர்கள். 1972இல் வான்கார்டு நிறுவனத்தில் அவர்களுடைய தொகுப்பு வெளிவந்தபோது மைல்ஸ் டேவிஸின் வழியில் வந்த பலரும் ஆம்ப்ளிஃபயரின் காதைத் திருகிக்கொண்டிருந்தார்கள். இவர்களோ ஓபோவை வைத்துக்கொண்டு ஜாஸ் வாசித்தார்கள். ட்ரம் செட் கிடையாது.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் நான் கோட்டைவிட்டிருந்தேன். ஜாஸ் ட்ரம்மரின் வலது கை ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கும் சிம்பல் இருக்கிறதே, அதன் இரைச்சல் நைலான் தந்தியின் மேல் போர்வை மாதிரி விழும். ஓபோவின் மூக்கால் பாடுகிற அந்தக் குரலையும் மூடிவிடும். தபலாவின் அடி அப்படியில்லை. அதற்கு ஒரு சுருதி உண்டு, ஒலித்தவுடன் விலகி வழிவிடும். தபலா தாளம் பிடிப்பதால்தான் கிதாரின் அடங்கிய ஸ்வரங்கள் கூட நம் காதுக்கு வருகின்றன. சிதாரும் அப்படித்தான். அதன் அடித்தந்திகள் தானாக அதிர்ந்து எழுப்பும் ஒலிப்படலமும் டவுனரின் பன்னிரண்டு தந்திகளும் சேரும்போது எது எங்கே முடிகிறது என்று எனக்கு இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியாத இடங்கள் உண்டு. நான் சாம்பிராணி என்று நினைத்தது உண்மையில் அந்த வீட்டின் தூண்.

வால்காட் ரவிசங்கரிடம் சிதாரும் அல்லா ரக்காவிடம் தபலாவும் கற்றவர். மைல்ஸின் ‘ஆன் த கார்னர்’ பதிவில் சிதார் வாசித்தவர். டான் செர்ரி, நானா வாஸ்கான்செலோஸ் இருவரோடும் சேர்ந்து கோடோனா என்ற மூவர் குழுவையும் நடத்தியவர். அவ்வளவு பெரிய குருமார்களிடம் போய்விட்டு வந்த ஒருவர், கற்றதை மேடையில் கடைபரப்பாமல் இருந்தார் என்பதை நான் அப்போது திறமைக்குறைவு என்று எடுத்துக்கொண்டேன். இருபது வயதில் வேறெப்படி எடுத்துக்கொள்வது?

எல்லாமே உசத்தி என்று சொல்ல மாட்டேன். முன்தீர்மானமில்லாமல் கூடி வாசித்த சில துண்டுகள் பொறுமையைச் சோதிக்கும். கோல்ட்ரேனோடு வாசித்த எல்வின் ஜோன்ஸை அழைத்து 1976இல் செய்த பதிவு ஆசையாகக் கேட்க ஆரம்பித்து ஆசைக்காகவே கேட்டு முடிக்க வேண்டிய ஒன்று. அங்கே ஓபோ ஒரு சுற்று இளைத்துவிடுகிறது.

எண்பதுகளில் ஈசிஎம் நிறுவனத்துக்கு வந்தார்கள். டவுனரிடம் சிந்தசைசர் சேர்ந்தது. 1984 அக்டோபரில் ‘க்ராசிங்’ பதிவானது. நவம்பர் 8 அன்று, கிழக்கு ஜெர்மனியின் மாக்டபர்க் அருகே, சுற்றுப்பயணப் பேருந்து விபத்தில் வால்காட் இறந்தார். வயது 39.

எங்கள் தொழிலில் ஒருவர் வேலையை விட்டால் இரண்டு வாரம் கேடி நடக்கும். நாலெட்ஜ் ட்ரான்ஸ்ஃபர். எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்ட நிம்மதியில் அவருக்கு கேக் வெட்டுவோம். மூன்றாவது மாதம் நள்ளிரவில் ஏதோ ஒன்று விழும்போதுதான் அந்த ஆள் என்னவெல்லாம் செய்துகொண்டிருந்தார் என்றே தெரியவரும். அதனால் இந்தக் குழு அந்த இடத்தை எப்படிக் கையாண்டது என்பதில் எனக்குத் தொழில்முறை ஆர்வமும் உண்டு.

வந்தவர் த்ரிலோக் குர்த்து. மும்பைக்காரர், தும்ரி பாடகி ஷோபா குர்த்துவின் மகன். ‘எகோடோபியா’ (1987) தொடங்கி மூன்று தொகுப்புகள். அமெரிக்கரின் இடத்துக்கு ஓர் இந்தியர் வந்ததும் இசை இன்னும் இந்தியத்தன்மை கொள்ளும் என்றுதானே எதிர்பார்ப்போம்? நடந்தது நேர்மாறு. குர்த்து மண்டியிட்டு வாசிப்பவர், தபலாவையும் ட்ரம்ஸையும் ஒரே மூச்சில் தொடுவார், சேகண்டியை வாளித் தண்ணீரில் முக்கி எடுப்பார். அபாரமான ஆள். ஆனால் அவர் ஒரு எஞ்சின். குழு வேகம் பிடித்தது, சிம்பல் திரும்பி வந்தது, சிதார் போனது. விடுதிக் காலத்து நானாக இருந்தால் இதைத்தான் கொண்டாடியிருப்பேன்.

அவரும் போனபின் கொஞ்சகாலம் ஆளே எடுக்காமல் மூவராக வாசித்தார்கள். பிற்பாடு மார்க் வாக்கர் முழு ட்ரம் செட்டோடு வந்தார். 1999இல் மாஸ்கோவில் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவோடு ஒரு பதிவு, அதற்குக் கிராமி பரிந்துரைகள். 2015இல் மூர் விலகினார். 2017இல் ‘லான்டர்ன்’. கௌரவமான, கைதேர்ந்த ஜாஸ். குறை சொல்ல ஒன்றுமில்லை, நான் அடிக்கடி திரும்பிப் போவதும் இல்லை.

திரும்பிப் போவது 1995இல் மூவராக வாசித்த ‘பியாண்ட் வேர்ட்ஸ்’ தொகுப்புக்கு. தாளவாத்தியக்காரர் இல்லாத இடத்தை மூரின் பாஸ் முழுக்க அடைத்துவிடப் பார்க்கவில்லை. கொஞ்சம் விட்டுவைக்கிறார். போன வாரம் இரவு ரிலீஸுக்காகக் காத்திருந்தபோது அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கைப் பையன் ஹெட்ஃபோனைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினான். “என்னண்ணே, ரொம்ப நேரமா டெஸ்க்கத் தட்டிட்டே இருக்கீங்க?”