மாடத்திக்குக் கோயில் கட்டிய பிறகு

2022 ஜூலையில் 'காளி' சுவரொட்டி வெளிவந்த நாளிலிருந்து, லீனா மணிமேகலை என்றால் சிகரெட் பிடிக்கும் அம்மன் என்றாகிவிட்டது. திட்டியவர்களும் சரி, ஆதரித்தவர்களும் சரி, அந்த ஒரு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல மாநிலங்களில் வழக்கு. அவரைக் கைது செய்யக் கூடாதென்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. இந்தக் கூச்சலில் இருபது வருட வேலை காணாமல் போனது. 'மாத்தம்மா', 'பறை', 'தேவதைகள்', தணிக்கையோடு மல்லுக்கட்டி வெளிவந்த 'செங்கடல்' என்று எவ்வளவோ. 'தேவதைகள்' படத்தில் ஒப்பாரி பாடுகிறவர், கடலுக்குப் போகிறவர், பிணம் புதைக்கிறவர் என மூன்று பெண்கள் வருகிறார்கள். அவர்களிடம் கேமரா காட்டும் பொறுமையை நான் வேறெங்கும் அதிகம் கண்டதில்லை.

ஆனாலும் நான் பேச நினைப்பது 'மாடத்தி' (2019) பற்றி.

தெற்கே மலையடிவாரத்தில் நடக்கும் கதை. புதிரை வண்ணார் குடும்பம். மற்ற தலித் மக்களின் துணியை வெளுப்பவர்கள். தொட்டால் மட்டுமல்ல, கண்ணில் பட்டாலே தீட்டு என்று வைக்கப்பட்டவர்கள். ஆள் வரும் சத்தம் கேட்டால் புதருக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும். மகள் யோசனாவுக்கு இது பிடிபடுவதில்லை. அவள் காட்டில் திரிகிறாள், ஆற்றில் குளிக்கும் இளைஞனை மறைந்திருந்து ரசிக்கிறாள். பார்க்கப்படவே கூடாத ஒருத்தி ஆசையோடு பார்க்கிறாள். படத்தின் பெரிய துணிச்சல் இதுதான் என்பேன். சுவரொட்டிச் சிகரெட் இதற்குப் பக்கத்தில்கூட வராது.

திண்டிவனத்தில் இருந்துகொண்டு இதைத் தெற்கத்திக் கதை என்று ஒதுக்கிவிடுவது சுலபம். நம் பக்கம் இவர்களைத் துரும்பர் என்போம். விழுப்புரம் மாவட்டக் காலனிகளில் சாவு, பிரசவம், வயதுக்கு வந்த சடங்கு எல்லாவற்றுக்கும் துணி எடுத்துப்போனவர்கள். 2009இல் அரசு புதிரை வண்ணார் நல வாரியம் அமைத்தது. வாரியம் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது, தலித் இயக்கக் கூட்டங்களுக்கு வருகிறவர்கள் உட்பட. ஊருக்கும் சேரிக்கும் நடுவே உள்ள கோட்டைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். சேரிக்குள் இருக்கும் கோட்டைப் பேச நமக்கு நாக்கு எழுவதில்லை. லீனா அதைப் பேசுகிறார். யோசனாவின் தாய் வேணியாக வரும் செம்மலர் அன்னம், ஊர்ப்பெண்களின் தீட்டுத்துணியை அடித்துத் துவைக்கும்போது, அந்தக் கோபம் யார் மேல் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதில் கொஞ்சம் நம் மேலும்தான்.

எனக்குச் சங்கடம் முடிவில். கோயில் திருவிழா நடக்கும் இரவில் ஊர் ஆண்கள் யோசனாவைச் சிதைத்துக் கொல்கிறார்கள். செத்தவள் தெய்வமாகிறாள். நாட்டார் தெய்வங்கள் பல இப்படித்தான் பிறந்தன, அதனால் இதில் பொய்யில்லை. ஆனால் செஞ்சியைச் சுற்றிய எங்கள் ஊர்களில் ஆண்டுதோறும் திரௌபதிக்குப் பாரதம் நடக்கிறது. துகில் உரியும் கட்டத்தில் சூடம் ஏற்றுவார்கள். துச்சாதனன் வேடம் கட்டியவரே திரௌபதியைக் கும்பிட்டுவிட்டுத்தான் சேலையில் கை வைப்பார். திரௌபதியும் ஆண் கட்டும் வேடம்தான், அது வேறு கதை. சபையில் அவமானப்பட்டவளைக் கும்பிடுவதற்கு எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே திரௌபதியின் கோயிலுக்குள், விழுப்புரம் மேல்பாதியில், 2023 ஏப்ரலில் தலித் மக்கள் நுழைந்தபோது அடித்து வெளியேற்றினார்கள். ஜூனில் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். மறுபடி திறக்க நீதிமன்றம் வர வேண்டியிருந்தது.

கும்பிடுகிறவர்களுக்கு உறுத்தலே இல்லை. நியாயம் கேட்டவளைச் சிலையாக்கிவிட்டால், அவள் கேட்ட நியாயத்தை மறந்துவிடலாம். 'மாடத்தி' இதைத் தெரிந்து எடுத்த படமாகத்தான் முக்கால் பாகமும் இருக்கிறது. கடைசியில் சீற்றமும் சாபமும் வந்து நம்மை ஆற்றிவிடுகின்றன. படம் பார்த்தவர்கள் மனம் லேசாகி எழுந்துபோகலாம், ஊருக்குத் தண்டனை கிடைத்துவிட்டதே என்று. எனக்கு அந்த ஆறுதல் வேண்டாம். மாடத்திக்குக் கோயில் கட்டிய பிறகு அவளுடைய சனம் அதற்குள் போகலாமா? வேணியைக் கொண்டுபோய் அந்தக் கோயில் வாசலில் நிறுத்தும் ஒரு காட்சியை லீனா எடுத்திருக்கலாம்.