‘கூளமாதாரி’: மேய்ச்சல் காட்டுத் தோழமை

அரபு மொழியில் தோழனைக் குறிக்கும் ‘ஸதீக்’ என்னும் சொல்லும் வாய்மையைக் குறிக்கும் ‘ஸித்க்’ என்னும் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. ‘ஈமான்’ என்னும் நம்பிக்கையும் ‘அமானத்’ என்னும் அடைக்கலப் பொருளும் அவ்வாறே. வாய்மையும் நம்பிக்கையும் இல்லாத இடத்தில் தோழமை இல்லை என்பதை அம்மொழியின் சொற்களே உணர்த்துகின்றன. இந்த உண்மையை நம் சேலம், நாமக்கல் மேட்டுக்காடுகளின் மண்ணிலிருந்து எடுத்துக்காட்டும் நாவல், திருச்செங்கோட்டுப் பகுதியைச் சேர்ந்த பெருமாள்முருகன் 2000இல் எழுதிய ‘கூளமாதாரி’.

கூளையன் சக்கிலியர் குலச் சிறுவன். கவுண்டர் ஒருவரின் பண்ணையத்தில் ஆடு மேய்ப்பவன். நெடும்பன், வவுறி, செவிடி, மொண்டி ஆகியோர் அவனைப் போலவே பண்ணையத்துக்கு விடப்பட்ட பிள்ளைகள். பசியையும் அடியையும் பகிர்ந்துகொள்ளும் இவர்களின் சிரிப்பும் விளையாட்டும் பனைமர நிழலில் விரியும் பக்கங்கள் தமிழ் நாவலுக்குக் கிடைத்த பெரும் பேறு. ஆட்டின் குணம், காட்டின் பருவம், கிணற்று நீச்சல் அனைத்தையும் ஆசிரியர் உடனிருந்து அறிந்தவராய் எழுதுகிறார்.

எனினும் நாவலின் உயிர்நிலை, கூளையனுக்கும் பண்ணைக்காரரின் மகன் செல்வனுக்கும் இடையிலான தோழமையிலேயே இருக்கிறது. இருவரும் சேர்ந்தே நீந்துகின்றனர், சேர்ந்தே இரவில் ஆட்டுப்பட்டிக்குக் காவல் இருக்கின்றனர். ஆயினும் தோழன் எந்தக் கணத்திலும் எசமானனாகிவிடலாம். அந்த அச்சம் ஒருவனுக்கு மட்டுமே உரியது. செல்வன் கொடியவன் அல்லன். அன்பு இருந்தும் அமானத் இல்லை என்பதே இங்குள்ள துயரம். அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை வாசகரே படித்தறிய வேண்டும்.

இறைத்தூதர்கள் அனைவரும் ஆடு மேய்த்தவர்களே என்றும், தாமும் மக்காவாசிகளுக்காகக் கூலிக்கு மேய்த்ததாகவும் நபிகள் நாயகம் (ஸல்) கூறியதை புகாரி பதிவு செய்கிறது. ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்த அபூதர் (ரலி) அவர்களை, உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்தின் குணம் இருக்கிறது என்று கண்டித்த நபியவர்கள், பணியாளர் உங்கள் சகோதரர். நீங்கள் உண்பதையே அவர்களுக்கும் கொடுங்கள், உடுத்துவதையே உடுத்தச் செய்யுங்கள் என்று பணித்தார்கள். அதன்பின் அபூதர் தம் அடிமைக்கும் தமக்கும் ஒரேவிதமான ஆடையையே அணிந்தார். மனம் மாறியதற்கு அவர் காட்டிய சான்று சொல் அன்று, ஆடை.

வசைச் சொற்கள் மிகுந்த நாவலை மார்க்கம் கற்றோர் படிக்கலாமா என்று நம்மில் சிலர் தயங்கக்கூடும். அச்சொற்கள் அம்மக்களின் வாழ்விலிருந்து வந்தவை. அவற்றை நீக்கினால் அவர்கள் பட்ட இழிவும் மறைந்துவிடும். நிகழ்ச்சிகளை மட்டும் தேடுவோருக்கு முற்பகுதி மெதுவாகத் தோன்றலாம். பொறுமையுடன் படிப்போர் அந்த மெதுநடையே மேய்ச்சலின் நடை என்பதை உணர்வர்.

அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்று நமக்கு ஏற்பட வேண்டும். நம் வீடுகளிலும் கடைகளிலும் வேலை செய்யும் பிள்ளையை ‘எங்கள் பிள்ளை மாதிரி’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பிள்ளை உண்ணும் தட்டும் உறங்கும் இடமும் அச்சொல்லை மெய்ப்பிக்கின்றனவா? பள்ளியில் தோளோடு தோள் நின்று தொழும் சமுதாயம் இந்நாவலைப் படித்துவிட்டு முதலில் தன் அடுக்களையைப் பார்க்கட்டும்.