இருமொழிக் காதலும் ஒருமொழிபெயர்ப்பும்: மிருச்சகடிகத்தை முன்வைத்து

1. முன்னுரை

வடமொழி நாடகங்களில் அரசன், அமைச்சன், அந்தணன் முதலிய ஆண்பாத்திரங்கள் சமஸ்கிருதம் பேசுவதும், பெண்களும் ஏவலரும், அந்தணனே ஆயினும் விதூஷகனும், பிராகிருதம் பேசுவதும் யாவரும் அறிந்த மரபு. இம்மரபு சமூகப் படிநிலையைக் காட்டுவது என்று பொதுவாக விளக்குவர். அவ்விளக்கம் பிழையன்று; ஆயினும் காதலை மையமாகக் கொண்ட நகைச்சுவை நாடகங்களில் இம்மரபின் பணி அத்துடன் முடிவதில்லை. அங்குத் தலைவனும் தலைவியும் உரையாடும்போதெல்லாம் இருவேறு மொழிகளில் உரையாடுகின்றனர். ஒருவர் கூற்று மற்றவருக்குப் புரிகிறது. ஆனால் ஒருவர் மொழியில் மற்றவர் பேசுவதில்லை. இந்த இடைவெளியே காதலின் இடர்ப்பாட்டை மேடையில் ஒலிவடிவாகக் காட்டுகிறது என்பதும், தமிழ் மொழிபெயர்ப்பில் முதலில் மறைவது இதுவே என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

இப்பொருளை ஆராயத் திருவனந்தபுரம் தகுந்த களம். பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரை மடத்திலும் பிற இடங்களிலும் கிடைத்த, மலையாள எழுத்தில் அமைந்த சுவடிகளைக் கொண்டு, பாசன் இயற்றியவை எனத் தாம் கருதிய 13 நாடகங்களை த. கணபதி சாஸ்திரி 1912 முதல் திருவனந்தபுரம் வடமொழி நூல்வரிசையில் பதிப்பித்தார். அவற்றுள் ஒன்றான சாருதத்தம் நான்கு அங்கங்களுடன் நின்றுவிடுகிறது. சூத்திரகரின் மிருச்சகடிகம் அதே கதையைப் பத்து அங்கங்களில் நடத்துகிறது. வறுமையுற்ற அந்தண வணிகன் சாருதத்தனுக்கும் உச்சயினியின் கணிகை வசந்தசேனைக்கும் இடையே அரும்பும் காதலே இரண்டிற்கும் பொருள்.

2. கணவன் இறங்கும் மொழி

மிருச்சகடிகத்தின் முன்னுரைக் காட்சியில் சூத்திரதாரன் சமஸ்கிருதத்தில் தொடங்கி, இனித் தான் பிராகிருதம் பேசப்போவதாக அவையோருக்கு அறிவித்துவிட்டு மனைவியை அழைக்கிறான். சாருதத்தத்திலோ அவன் தொடக்கம் முதலே பிராகிருதம் பேசுகிறான். எனவே அங்கு மொழிமாற்றம் இல்லை. இரு நூல்களுக்கும் உள்ள உறவைப் பற்றிய விவாதம் எவ்வாறாயினும், மாற்றத்தை அவையறியச் செய்யும் உத்தி மிருச்சகடிகத்தில் திட்டமிட்டு அமைந்துள்ளமை தெளிவு.

அவன் வந்திருப்பது பசியோடு. மனைவியோ அழகிய கணவன் வேண்டி நோன்பிருக்கிறாள். அந்தக் கணவன் இம்மைக்கா மறுமைக்கா என்று அவன் வினவ, மறுமைக்கு என்கிறாள் அவள். தன் சோற்றைச் செலவிட்டு வேறொருவனைத் தேடுகிறாள் என்று அவன் சினக்கிறான். மறுமையிலும் அவனையே பெறுவதற்குத்தான் நோன்பு என்று தெரிந்ததும் சினம் தணிகிறது. காதல், ஐயம், தெளிவு என்னும் நாடகத்தின் முழு இயக்கமும் இச்சிறு காட்சியில் அடங்கியுள்ளது. இதற்காக ஆண் பெண்ணின் மொழிக்கு இறங்கி வருகிறான் என்பது கருதத்தக்கது.

3. தலைவி ஏறும் மொழி

இதற்கு எதிர்த்திசையில் அமைவது வசந்தசேனையின் மொழிமாற்றம். மூன்றாம் அங்கத்தில், பெண் சமஸ்கிருதம் படிப்பது தனக்கு நகைப்பூட்டுவது என்று விதூஷகன் மைத்திரேயன் கூறுகிறான். அடுத்த அங்கத்தில் அதே மைத்திரேயன் வசந்தசேனையின் மாளிகைக்கு வருகிறான். சாருதத்தனின் நலம் வினவும் அவள், அவனை மரமாக உருவகித்துச் சமஸ்கிருதச் செய்யுளில் பேசுகிறாள். முந்தைய அங்கத்து நகைப்புக்கு நாடகம் வாய்திறந்து மறுப்புக் கூறவில்லை, செயலால் விடையளிக்கிறது. ஐந்தாம் அங்கத்தில் பெருமழையில் தலைவனை நாடிச் செல்லும் அவள், முகிலையும் மின்னலையும் இந்திரனையும் நோக்கிச் சமஸ்கிருதச் செய்யுள்களைக் கூறுகிறாள்.

ஆனால் சாருதத்தன் முன் வந்து நின்றதும் அவள் சமஸ்கிருதத்தை விட்டுவிடுகிறாள். அவளுடைய அணிகலன்களைச் சூதில் தோற்றதாக அவன் ஒரு பொய்ச்செய்தி அனுப்பியிருந்தான். அதனைப் பற்றிக்கொண்டு அவனைச் சூதாடி என விளித்து, மாலைப்பொழுது இனிதாயிற்றா என்று பிராகிருதத்தில் கேலியாக வினவுகிறாள். உயர்மொழி அவளுக்குக் கைவராத ஒன்றன்று என்பதை அவை அறிந்தபின் நிகழும் இத்திரும்புதல் இயலாமையைக் காட்டுவதாகாது. தன் மொழியிலேயே அவனை எதிர்கொள்ளும் உரிமையை அவள் எடுத்துக்கொள்கிறாள். பத்தாம் அங்கத்தில் புதிய அரசன் அவளுக்கு மனைவி என்னும் தகுதியை வழங்கும்போதும் இருவர் மொழியும் ஒன்றாவதில்லை. இவ்வின்பமுடிவில் தடை நீங்குகிறது, வேறுபாடு நிலைபெறுகிறது.

4. மொழியற்ற காதல்

அரசனின் மைத்துனனான சகாரனுக்கு இவ்விரு வழிகளும் இல்லை. சகர ஒலிகளை ஓரிடத்து ஒலியாகவே குழைத்துப் பேசும் அவனது பிராகிருதம் காதில் விழுந்தவுடன் நகைப்பை எழுப்புவது. தன்னை விட்டோடும் வசந்தசேனையை இராமனுக்கு அஞ்சி ஓடும் திரௌபதி என்கிறான். அனுமன் சுபத்திரையைக் கவர்ந்தது போலத் தான் அவளைக் கவர்வதாக வீறுபேசுகிறான். தொல்காப்பியர் நகைக்குரியனவாகக் கூறும் நான்கனுள் மடன் இங்குப் பொருந்தும். இவ்வறியாமை பின்னர் அவளது கழுத்தை நெரிக்கும் கொடுமையாக முதிர்கிறது. பிறர் கூற்றைக் கேளாதவனின் காதல் எங்குச் சென்று முடியும் என்பதை நாடகம் அஞ்சாமல் காட்டுகிறது.

மொழிபெயர்ப்பாளருக்குச் சகாரன் ஒரு நல்ல சோதனை. இதிகாசக் குழப்பத்தால் எழும் நகை தமிழில் குறைவின்றி வந்துசேரும். ஒலியால் எழும் நகை வாராது. தமிழில் அவ்வொலிகள் பொருளை வேறுபடுத்தும் தனித்தனி ஒலியன்களாக நிற்பதில்லை.

5. தமிழில் எழும் சிக்கல்

அச்சுப்பதிப்புகளில் பிராகிருதத் தொடர்களுக்குச் ‘சாயை’ எனப்படும் சமஸ்கிருத நிழலுரை தரப்படுவது வழக்கம். அதனை மட்டும் படித்து மொழிபெயர்ப்பவருக்கு நாடகம் முழுவதும் ஒரே மொழியாகிவிடுகிறது. எஞ்சியதைத் தமிழ்நடை சமன்செய்கிறது. பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் இந்நாடகத்தை மண்ணியல் சிறுதேர் எனத் தமிழாக்கினார். களிமண்ணால் செய்த சிறுவண்டி என்னும் மூலப்பெயரின் எளிமையும் பொருளும் அத்தலைப்பில் அழகுறப் பொருந்தியுள்ளன. எனினும் செந்தமிழ் நடை ஒன்றையே மேற்கொள்ளும் எந்த மொழிபெயர்ப்பிலும், வசந்தசேனை மழையில் ஏறிய படியும் தலைவன்முன் இறங்கிய படியும் தென்படா.

இதற்குப் பேச்சுத்தமிழே மாற்று என்று கருதுவதும் பொருந்தாது. தமிழ் மேடையில் பேச்சுவழக்கு நெடுங்காலம் ஏவலர்க்கும் நகைப்பாத்திரங்களுக்கும் உரியதாக இருந்துள்ளது. கலைகளில் தேர்ந்த வசந்தசேனைக்கு அதனை அளித்தால் அவள் கல்லாதவளாகத் தோன்றுவாள். நாடகப் பிராகிருதமும் தெருவில் பேசப்பட்ட மொழியின் பதிவன்று. அது இலக்கணம் வரையப்பெற்ற இலக்கிய மொழி. ஆகவே பிராகிருதத்திற்கு நேரான ஒரு தமிழ்வழக்கைத் தேடுவதைவிட, இரு கூற்றுகளுக்கும் இடையே உள்ள தொலைவைப் பேணுவதே தக்கது. சாருதத்தனுக்கு எழுத்துநடையும், வசந்தசேனைக்குக் கற்றோர் பேச்சை ஒட்டிய இயல்புநடையும், மழைக்காட்சியில் அவளுக்குச் செய்யுள்நடையும் அமைத்தால் அத்தொலைவு ஓரளவு புலப்படும்.

மரியாதை வழக்கும் இதற்குத் துணைசெய்யும். முதல் அங்கத்து இருளில் வசந்தசேனையைப் பணிப்பெண் ரதனிகை என்றெண்ணிச் சாருதத்தன் குழந்தையை உள்ளே கொண்டுசெல்லப் பணிக்கிறான். உண்மை தெரிந்ததும் இருவரும் மாறிமாறிப் பொறுத்தருள வேண்டுகின்றனர். ‘கொண்டுபோ’ என்னும் ஏவல் ‘பொறுத்தருள்க’ என மாறுவதிலும், ‘நீ’ ‘தாங்கள்’ ஆவதிலும் காதல் தொடங்கும் கணத்தைத் தமிழ் காட்டவல்லது.

6. விதூஷகனின் தீர்வு

திராவிட மொழி பேசும் அவையினர் இவ்விருமொழிக் காதலை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதற்குக் கூடியாட்டம் சான்று. சேர அரசன் குலசேகரவர்மனின் சுபத்ராதனஞ்சயத்தில், தான் காப்பாற்றிய பெண்ணே சுபத்திரை என்றறியாமல் அர்ச்சுனன் மயங்குகிறான். அவனுடைய சமஸ்கிருதக் காதற்செய்யுள்களுக்கு விதூஷகன் மலையாளத்தில் பொருள் கூறுகிறான். எதிர்ச்செய்யுள்களால் அவற்றைப் பகடியும் செய்கிறான். இவ்வெதிர்ச்செய்யுள்களை மரபு தோலனுக்கு உரியனவாக்கும். கேரள அவைக்குப் பிராகிருதமும் சமஸ்கிருதம் போன்றே தொலைவுடையதாகிவிட்டது. இழந்த இடைவெளியை மூன்றாம் மொழியொன்றைக் கொண்டு மேடை மீட்டுக்கொண்டது. தலைவனின் உருக்கமும் அதன் பகடியும் ஒருங்கே நிற்க, ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை.

7. முடிவுரை

இந்நாடகங்களில் காதலர் ஒருவர் மொழியை மற்றவர் கேட்டறிகின்றனர். வேண்டும்பொழுது அதனுள் சென்று மீள்கின்றனர். சகாரனால் இயலாதது இதுவே. எல்லாரையும் ஒரே நடையில் பேசவைக்கும் மொழிபெயர்ப்பில், சொற்பொருள் பிழையின்றி அமைந்தாலும், காதலர்க்கும் சகாரனுக்கும் உள்ள இவ்வேறுபாடு மங்கிவிடுகிறது. வசந்தசேனையின் கூற்றில் மொழி மாறும் இடங்களை முதலில் குறித்துக்கொண்டு பணியைத் தொடங்குதல் மொழிபெயர்ப்பாளருக்குப் பயன்தரும்.