செயப்பாட்டு வினையும் எல்லைப்புறத் தமிழ் மொழிபெயர்ப்பும்

ஆங்கில இலக்கணப் பாடத்தில் செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றும் விதி எளியது. செயப்படுபொருள் எழுவாயாகும், வினை வடிவம் மாறும், செய்தவர் வாக்கிய இறுதிக்குச் செல்வார் அல்லது மறைவார். இவ்விதியை 'ஆல்', 'படு' ஆகியவற்றைக் கொண்டு தமிழில் அப்படியே பெயர்ப்பது பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

ஆங்கிலத்தில் சொல் நிற்கும் இடமே எழுவாயைக் காட்டுகிறது. ஆதலின் செயப்படுபொருளை முன்னிறுத்தச் செயப்பாட்டு வினை வேண்டப்படுகிறது. தமிழிலோ ஐயுருபு இருப்பதால், 'மனுவைத் தாசில்தார் தள்ளினார்' எனச் செய்வினையிலேயே அது கைகூடும். செய்தவரைச் சுட்ட வேண்டாதவிடத்துக் 'கதவு பூட்டியிருக்கிறது' என்பது இயல்பு வழக்கு. செயலுக்கு உட்பட்ட பொருளை வினைமுதல்போல வைத்துக் கூறுவதைத் தொல்காப்பிய வினையியலும் மரபாக ஏற்கிறது.

பாலக்காட்டின் சித்தூர், இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு போன்ற தமிழர் வாழும் எல்லைப் பகுதிகளில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. மொழிச் சிறுபான்மைப் பகுதிகளின் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே மறுமொழி பெறவும் 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. மூலம் ஆங்கிலமாயினும், 'படு' என்பதன் இனமான 'பெடுக' வழங்கும் மலையாளமாயினும், பெயர்ப்பு 'படு' வினையையே நாடுகிறது. 'மனு நிராகரிக்கப்பட்டது' எனும்போது தள்ளியவர் யார், முறையீடு எவரிடம் என்பன புலப்படுவதில்லை.

'படு' தமிழுக்கு அயலானதன்று. அதன் மிகையே குறை. மூலம் செய்தவரைச் சுட்டுமாயின் அவரை எழுவாயாக்குதலும், மூலமே மறைத்தவிடத்து மட்டும் 'படு' வினையைக் கொள்ளுதலும் மொழிபெயர்ப்பாளர் கடனாகும்.